அடுத்த வீட்டுச் சுவர்

முதுமையை எங்கே கழிப்பது என்னும் கேள்வி நம் முன்னோர்க்கு எழுந்ததே இல்லை என்று பலரும் எண்ணுகின்றனர். பிறந்த ஊரிலேயே, பெற்ற மக்கள் சூழ, அவர்கள் மூத்து மறைந்தனர் என்பது நம்மிடையே நிலவும் பொதுவான கருத்து. உழுதுண்டு வாழ்ந்த குடிகளைப் பொறுத்த அளவில் அது உண்மையாக இருக்கலாம். திருவனந்தபுரத்தில் வாழும் நம்மைப் போன்ற தமிழ்க் குடும்பங்களுக்கு அது பொருந்தாது. நமக்குச் சொந்த ஊர் ஒன்று. சோறிட்ட ஊர் மற்றொன்று. திருவிதாங்கூர் என்னும் ஒரே அரசின் கீழ் இருந்தவரையில் இவ்விரண்டுக்கும் இடையே எல்லை என ஒன்று இல்லை. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. தமிழர்கள் போராடிப் பெற்ற இணைப்புத்தான் அது. ஆயினும் இந்நகரில் வேலையில் இருந்த நாஞ்சில் நாட்டார்க்கு அன்று முதல் ஊர் ஒரு மாநிலத்திலும் உத்தியோகம் மற்றொரு மாநிலத்திலுமாக ஆயிற்று. ஓய்வு பெற்றபின் எங்கே இருப்பது என்னும் பேச்சு அப்போதே நம் வீட்டுத் திண்ணைகளில் தொடங்கிவிட்டது.

எங்கள் பாட்டனார் சாலைத் தெருவில் ஓர் அரிசிக் கடைக்குக் கணக்கெழுத நாஞ்சில் நாட்டிலிருந்து வந்தவர். திவான் இராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்த அந்தக் கடைத்தெரு, எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு வாழ்வளித்தது, எங்களுக்கும் அளித்தது. கிள்ளிப்பாலத்துக்கும் வலியசாலைக்கும் இடைப்பட்ட ஒரு சிறு தெருவில் அவர் வாங்கிய வீடு, ஓட்டுக் கூரையும் ஒற்றைத் திண்ணையுமாக இன்றும் நிற்கிறது. எங்கள் தந்தையார் மாநில அரசு அலுவலகம் ஒன்றில் பணியாற்றி, கேரள அரசின் அந்நாளைய விதிப்படி 55ஆம் வயதில், 1993இல் ஓய்வு பெற்றார். ஊருக்கே திரும்பிவிடலாம், வயலைப் பார்த்துக்கொள்ளலாம் என்று உறவினர் பலரும் வற்புறுத்தினர். அவர் இசையவில்லை. "அங்கே எனக்குச் சொந்தக்காரன் உண்டு, இங்கேதான் தெரிந்தவன் உண்டு" என்பார். இச்சொல்லின் பொருள் அன்று எங்களுக்கு விளங்கவில்லை.

தந்தையார் மறைந்த 2011 வரை பதினெட்டு ஆண்டுகளும், அதன்பின் அன்னையார் தனியே எட்டு ஆண்டுகளும் ஓய்வுக்காலத்தைக் கழித்தது அத்தெருவில்தான். அங்கே வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. ஒரு வீட்டின் இடச்சுவரே அடுத்த வீட்டின் வலச்சுவர். தெருவிலே முதியோரே மிகுதி. பிள்ளைகள் சென்னையிலும் மும்பையிலும் வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் இருந்தனர். காலையில் வலியசாலைக் காந்தளூர் மகாதேவர் கோயிலுக்குச் சிலர் சேர்ந்து போவார்கள். திரும்பும் வழியில் சாலையில் காய்கறி வாங்குவார்கள். ஒருவர் வாங்கும் வெண்டைக்காய் மூன்று வீட்டுக்குப் பங்காகும். ஓய்வூதியம் வாங்கக் கருவூலத்துக்குப் போகும் நாளில் ஆட்டோக் கட்டணம் நால்வருக்குப் பொதுவாகும். மாலையில் தமிழ் நாளிதழ் ஒன்று திண்ணை திண்ணையாகப் பயணம் செய்து, இரவில் கடைசி வீட்டை அடையும். எந்த வீட்டு வாசல் காலை ஏழு மணிக்குத் தெளிக்கப்படவில்லையோ அந்த வீட்டுக் கதவை யாரேனும் ஒருவர் தட்டுவார். இதை யாரும் விதியாக வகுக்கவில்லை, பழக்கமாக வந்தது.

இத்தகைய இடங்களுக்கு மேல்நாட்டார் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பின்னர்ப் படித்தறிந்தோம். முதியோர்க்கென்று கட்டப்படாமல், அங்கே குடியிருந்தோர் அங்கேயே மூத்துவிட்டதால் தானாக அமைந்த முதியோர் குடியிருப்பு என்பது அதன் பொருள். மைக்கேல் ஹன்ட் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1980களில் வழங்கிய பெயர் அது. நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதியில், ஆடைத் தொழிலாளர் சங்கம் ஒன்றின் முயற்சியால் 1962இல் எழுந்த ‘பென் சவுத்’ என்னும் கூட்டுறவுக் குடியிருப்பு இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. இளமையில் குடிவந்த தொழிலாளர் அங்கேயே முதியோராயினர். அவர்களை வேறிடம் அனுப்புவதற்கு மாறாக, செவிலியரையும் சமூகப் பணியாளரையும் அவர்கள் இருக்கும் இடத்துக்கே வரவழைக்கும் திட்டத்தை 1986இல் அங்கே தொடங்கினர். எங்கள் தெருவில் அத்தகைய திட்டம் எதுவும் இருந்ததில்லை. ஒரு சுவர் இருந்தது. அதைப் பற்றித்தான் சொல்ல வந்தோம்.

அடுத்த வீட்டில் இருந்தவர் எங்கள் அன்னையாரைவிட ஆறு வயது இளையவர், கணவரை இழந்தவர். நாங்கள் அவரைப் பெரியம்மை என்றே அழைத்துப் பழகிவிட்டோம். இரவு படுக்கப் போகுமுன் அன்னையார் பொதுச் சுவரில் இருமுறை தட்டுவார். அப்பாலிருந்தும் இருமுறை தட்டுவது கேட்கும். அதன்பின்னரே இரு வீட்டிலும் விளக்கணையும். விடுமுறையில் வரும்போதெல்லாம் இதைக் கண்டு நாங்கள் சிரித்ததுண்டு.

2014இல் எங்களுக்குத் தில்லிக்கு மாற்றலாயிற்று. அன்னையார் உடன்வர மறுத்துவிட்டார். 2018 சூன் மாதத்தில் ஓர் இரவு அவர் பின்கட்டுப் படியில் வழுக்கி விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்தது. எழ இயலவில்லை, தொலைபேசியோ முன்னறையில் இருந்தது. தவழ்ந்து வந்து சுவரைக் கைச்செம்பால் தட்டியிருக்கிறார். இருமுறையன்று, ஓயாமல். பெரியம்மை எழுந்து, எதிர்வீட்டாரை எழுப்பி, கதவின் தாழை உடைத்து, அரைமணி நேரத்துக்குள் மருத்துவமனையில் சேர்த்துவிட்டார். நாங்கள் தில்லியிலிருந்து வந்து சேர்ந்தபோது மறுநாள் பிற்பகல். அதுவரை கட்டிலருகே பெற்ற மகள்போல் அமர்ந்திருந்தவர் பெரியம்மைதான். அன்னையார் மேலும் ஒன்பது திங்கள் எங்களோடு இருந்து, 2019 மார்ச்சில் கண்மூடினார். அந்த ஒன்பது திங்களும் எங்களுக்குக் கிடைத்தது ஒரு சுவராலும், அதற்கப்பால் விழித்திருந்த ஒரு செவியாலும் என்பதை நாங்கள் மறந்ததில்லை. மறந்ததில்லை என்றுதான் நினைத்திருந்தோம்.

பதினாறாம் நாள் கிரியைகள் முடிந்ததும் வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு தில்லிக்குத் திரும்பினோம். வாடகைக்கு விட்டால் வீடு கெட்டுவிடும் என்பது எங்கள் அச்சம். ஆண்டுக்கொருமுறை வந்து திறந்து பெருக்கிப் பூட்டினோம். 2022இல் கருக்கடக மழை கொட்டிக்கொண்டிருந்த ஓர் இரவில் பெரியம்மை தம் வீட்டில் விழுந்தார். அவரும் சுவரைத் தட்டியிருக்கிறார். இப்பால் எங்கள் வீடு. அதில் கேட்பதற்கு ஒருவரும் இல்லை. அவருக்கு மற்றொரு பக்கத்தில் இருந்தது ஒரு கிடங்கு, இரவில் ஆளிராது. விடியற்காலையில் பால் பொட்டலம் எடுக்கப்படாமல் கிடப்பதைக் கண்ட பால்காரர்தான் ஆட்களை அழைத்தார். ஏழு மணி நேரம் ஈரத் தரையில் கிடந்தவர், கடவுள் அருளால் பிழைத்தார். ஆனால் அவருடைய மகன் அவரைத் தனியே விடத் துணியவில்லை. கோயம்புத்தூருக்கு அருகே உள்ள ஒரு முதியோர் குடியிருப்பில் அன்னையைச் சேர்த்துவிட்டுத் தம் வேலைக்குத் திரும்பினார். இச்செய்தியை நாங்கள் தில்லியில் தொலைபேசியில் கேட்டோம். வீட்டின் சாவி அப்போது எங்கள் அலமாரியில் இருந்தது.

2023இல் மீண்டும் திருவனந்தபுரத்துக்கே மாற்றலாகி வந்தோம். குழந்தைகளின் பள்ளி அருகில் வேண்டும் என்பதால் அரசுக் குடியிருப்பில் தங்கினோம். பெரியம்மை இருக்கும் குடியிருப்பில் புதிதாக ஒரு பகுதி கட்டுகிறார்கள் என்றும், நாற்பதைத் தாண்டியவர்கள் இப்போதே முன்பணம் கட்டி இடம் பிடிக்கிறார்கள் என்றும் அலுவலக நண்பர் ஒருவர் சொன்னார். பெரியம்மையைப் பார்த்தது போலவும் ஆகும், எங்கள் எதிர்காலத்துக்கு இடம் பார்த்தது போலவும் ஆகும் என்று கருதிக் கடந்த ஆண்டு கோவைக்குப் புறப்பட்டோம்.

அந்தக் குடியிருப்பைக் குறை கூறுவதற்கு எங்களிடம் ஒன்றுமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அரிசோனா மாநிலத்தில் 1960 சனவரி 1ஆம் நாள் ‘சன் சிட்டி’ என்னும் முதியோர் நகரைத் திறந்தபோது அமெரிக்கர் கண்ட கனவு, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் நம் கோவைக்கு வந்து நம் முறைப்படி அமைந்திருக்கிறது. வாசற்படிகளுக்கு மாறாகச் சாய்தளம், நடைவழி எங்கும் கைப்பிடி, வழுக்காத தரை, கட்டில் போகும் அகலத்தில் மின்தூக்கி, குளியலறையில் இழுத்தால் ஒலிக்கும் மணிக்கயிறு. பொதுச் சமையற்கூடத்தில் மூன்று வேளையும் உப்புக் குறைத்த உணவு. அழைத்தவுடன் வரும் செவிலி. வளாகத்துக்குள்ளேயே ஒரு பிள்ளையார் கோயில். ஓய்வுபெற்றோர் இல்லங்கள் எவ்வாறு அமைய வேண்டும் என்று மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற அமைச்சகம் 2019இல் வெளியிட்ட மாதிரி நெறிமுறைகள் கூறும் வசதிகள் பலவற்றை அங்கே கண்ணால் கண்டோம். எங்கள் அன்னையார் விழுந்த பின்கட்டுப் படியை நினைத்துக்கொண்டோம்.

அலுவலக அறையில் கணக்கு விரிந்தது. முன்பணம், மாதந்தோறும் பராமரிப்புத் தொகை, உணவுக்குத் தனி, செவிலிக்குத் தனி. தந்தையார் காலத்தில் ஓய்வூதியம் என்பது ஐயத்துக்கு இடமில்லாத ஒன்று. 2004 சனவரி 1க்குப் பின் மத்திய அரசுப் பணியில் சேர்ந்த எங்களைப் போன்றோர்க்கு அது சந்தையின் ஏற்ற இறக்கத்தைச் சார்ந்த ஒன்றாயிற்று. 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்து, 25 ஆண்டு பணி முடித்தால், கடைசிப் பன்னிரண்டு திங்களின் சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதி கிடைக்கும். தமக்குப்பின் துணைவர்க்கு அதில் 60 விழுக்காடு. எழுத்தர் ஒருவரின் சம்பளத்தில் பாதி எவ்வளவு, அதில் 60 விழுக்காடு எவ்வளவு என்று தாளில் எழுதிப் பார்த்தோம். இருவரும் உள்ளவரையில் ஒருவாறு ஈடுகட்டலாம். ஒருவர் மட்டும் எஞ்சினால் மாதக் கட்டணத்துக்கே இழுபறியாகும். எஞ்சப்போவது பெரும்பாலும் மனைவியார்தான் என்பதை இருவரும் அறிவோம். அதை இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பின்னர்ப் பெரியம்மையின் அறைக்குச் சென்றோம். உடல் சற்றுத் தேறியிருந்தார். கைத்தடியின் உதவியால் நடக்கிறார். வேளைக்கு உணவு, வேளைக்கு மருந்து, மாலையில் பசனை, ஞாயிறுதோறும் மகனிடமிருந்து தொலைபேசி. குறையொன்றும் இல்லை என்றார். எங்களுக்குச் சற்றே ஆறுதலாக இருந்தது. அந்த இரவைப் பற்றி நாங்கள் பேசவேண்டுமென்று நினைத்தோம். எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. அவரே தொடங்கினார், வேறொரு வழியாக.

"உங்க வீட்ல இப்ப யாரு இருக்கா மக்களே?"

"யாரும் இல்லை பெரியம்மை. பூட்டித்தான் கிடக்கு."

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "இங்க மணி உண்டு. இழுத்தா உடனே வந்திருவாங்க. நல்ல பிள்ளைங்க. ஆனா ராத்திரி படுக்கும்போது கை தானாச் சுவத்துக்குப் போகும். யாருக்குத் தட்டதுக்கு? உங்க அம்மை போனதுக்குப் பொறவும் நான் தட்டிட்டுத்தான் படுப்பேன், தெரியுமா. அங்க யாரும் இல்லேண்ணு தெரியும். இருந்தாலும்."

மனைவியார் அவருடைய கையைப் பற்றிக்கொண்டு அழுதுவிட்டார். பெரியம்மைதான் தேற்றினார். எங்கள்மேல் ஒரு சொல் குற்றமாகச் சொல்லவில்லை. மூன்று ஆண்டுகள் ஆளில்லாத வீட்டைப் பார்த்து ஒருவர் இரவுதோறும் தட்டிக்கொண்டிருந்தார் என்பது அந்த நிமிடம்வரை எங்களுக்குத் தெரியாது.

இரவு வண்டியில் திரும்பும்போது உறக்கம் வரவில்லை. பள்ளியில் படித்த பிசிராந்தையார் நினைவுக்கு வந்தார். ஆண்டுகள் பல சென்றும் உமக்கு நரை தோன்றாதது எப்படி என்று கேட்டவர்க்கு அப்புலவர் புறநானூற்றில் விடையிறுக்கிறார். மனைவியும் மக்களும் மாண்புடையோர். ஏவலர் தம் கருத்தறிந்து நடப்பவர். வேந்தன் அல்லவை செய்யாது காப்பவன். இவ்வளவும் கூறியபின், எல்லாவற்றுக்கும் மேலாகத் தாம் வாழும் ஊரில் அறிவும் பணிவும் அடக்கமும் நிறைந்த சான்றோர் பலர் உள்ளனர் என்று முடிக்கிறார். முதுமையின் நலத்துக்கு அவர் கூறும் காரணங்களுள் இறுதியானதும் சிறந்ததும் அயலாரே. நல்ல அயலார் வாய்க்கும் ஊரைத் தேடவேண்டும் என்றே இப்பாடலை அதுவரை பொருள்கொண்டிருந்தோம். அந்த இரவில் வேறொரு பொருள் தோன்றிற்று. பிசிராந்தையாரும் அவ்வூரிலே மற்றவர்க்கு ஒரு சான்றோர் அல்லரோ! அவர் தம் கதவைப் பூட்டிக்கொண்டு உறையூருக்கே குடிபோயிருந்தால், அவருடைய அயலார்க்கு நரை தோன்றியிருக்கும்.

உணர்ச்சிப் பெருக்கில் முடிவெடுத்தோம் என்று யாரும் கருத வேண்டா. எங்கள் இருவரில் கணக்குப் பார்ப்பவர் ஒருவர். குறை காண்பவர் மற்றவர். மனைவியார் தெருவின் குறைகளைப் பட்டியலிட்டார். கழிப்பறை பின்கட்டில், நடுவே மூன்று படிகள். அன்றிருந்த முதியோர் பலர் இன்றில்லை. நான்கு வீடுகள் கிடங்குகளாகிவிட்டன. இரண்டில் வடநாட்டுத் தொழிலாளர் குடியிருக்கின்றனர். பெற்றோர் வாழ்ந்த இடம் என்று நாம் போகும் இடம், பெற்றோர் வாழ்ந்த இடமாக இப்போது இல்லை என்றார். அது உண்மை. பெற்றோரின் வீட்டை நாம் மரபுரிமையாகப் பெறலாம். அவர்களுடைய அயலாரைப் பெற இயலாது. நீல பத்மநாபன் 2007ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசைப் பெற்ற ‘இலையுதிர் காலம்’ நாவலில் முதுமையைப் பற்றி எழுதியதும் இந்நகரில் இருந்துகொண்டுதான். இங்கே உதிரும் இலைகள் பல என்பது நாம் அறியாததன்று.

மறுபக்கத்தையும் எழுதிப் பார்த்தோம். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி கேரள மக்களுள் அறுபது வயது கடந்தோர் 12.6 விழுக்காடு, இந்திய மாநிலங்களுள் இதுவே மிகுதி. தமிழ்நாட்டில் 10.4, இந்தியா முழுவதற்கும் 8.6. முதியோர் மிகுந்த நாடாகையால் அவர்களைப் பேணும் வழிகளும் இங்கே முன்னதாகவே தோன்றின. நோய்முற்றியோரை வீட்டிலேயே பேணும் ஆதரவு மருத்துவத்துக்கெனக் கேரள அரசு 2008இல் கொள்கை வகுத்தது. இதன்படி உள்ளாட்சி மன்றங்களின் துணையோடு செவிலியர் வீடு தேடி வருகின்றனர். படியை இடித்துச் சாய்தளம் ஆக்குவதும், கழிப்பறையை முன்னறைக்கு அருகே கொண்டுவருவதும் ஒரு கொத்தனாரின் சில வார வேலை. கோவையில் கட்டவேண்டிய முன்பணத்தில் அது ஒரு சிறு பங்கு. எல்லாருக்கும் இது ஏற்ற வழி என்று நாங்கள் கூறவில்லை. படுக்கையில் வீழ்ந்தவர்க்கும், பிள்ளைகள் கடல் கடந்தவர்க்கும், வீடு என ஒன்று இல்லாதவர்க்கும் அத்தகைய குடியிருப்புகள் பெரும்பேறு. பெரியம்மை இன்று உயிரோடிருப்பதே அதற்குச் சான்று.

ஆயினும் எங்களுக்கு ஓய்வுபெற இன்னும் பதினான்கு ஆண்டுகள் உள்ளன. 2039இல் எங்கே போய் இருக்கலாம் என்று இன்றே இடம் பிடிக்கச் சென்ற நாங்கள், இந்தப் பதினான்கு ஆண்டுகளில் யாருக்குப் பக்கத்து வீடாக இருக்கப்போகிறோம் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. தந்தையார் ஓய்வு பெற்ற நாளில் அத்தெரு அவரைத் தாங்கியதற்குக் காரணம், அதற்கு முப்பது ஆண்டு முன்பிருந்தே அவர் பிறர் வீட்டு மருந்துச் சீட்டோடு மருந்துக்கடைக்கு ஓடியதுதான். "தெரிந்தவன் உண்டு" என்று அவர் சொன்னதன் பொருள் இப்போதுதான் விளங்கிற்று. தெரிந்தவர்கள் ஓய்வூதியம்போல் ஓய்வு பெற்ற பிறகு வருவதில்லை. பணிக்காலத்திலேயே சேர்க்கப்படுகிறவர்கள்.

கோவைக்கு முன்பணம் அனுப்பவில்லை. இவ்வாண்டு கோடை விடுமுறையில் அரசுக் குடியிருப்பை விட்டுவிட்டு வலியசாலைக்கருகே எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டோம். பின்கட்டுப் படி இப்போது இல்லை. சாய்தளமும் கைப்பிடியும் உள்ளன. பிள்ளைகளுக்குப் பள்ளி முன்னைவிடத் தொலைவு. முதல் மாதம் முணுமுணுத்தனர். எதிர்வரிசையில் தனியே இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு மாலைதோறும் தமிழ் நாளிதழைக் கொண்டுபோய்க் கொடுப்பது மூத்தவனின் வேலை. பொதுவாகக் கால்மணி நேரம் கழித்தே திரும்புகிறான். அவர் பழைய கதைகள் சொல்கிறாராம்.

பெரியம்மையின் வீட்டை அவர் மகன் வாடகைக்கு விட்டிருக்கிறார். அசாமிலிருந்து வந்த இளம் தம்பதியர். சாலையில் ஓர் உணவு விடுதியில் வேலை. அப்பெண்ணுக்கு இது ஏழாம் மாதம். கணவன் இரவு முறைக்குப் போகும் நாளில் அவள் தனியே இருப்பாள். நமக்கு அவள் மொழி தெரியாது. அவளுக்கு நம் மொழி தெரியாது. இருவரும் அரைகுறை மலையாளத்தில் பேசிக்கொள்கிறோம். பிழைக்க வந்த ஊரில் சாலைத் தெருவில் கால்வைத்த எங்கள் பாட்டியாரும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்திருப்பார். ஒருநாள் மனைவியார் அவளைச் சுவரருகே அழைத்துப்போய், தட்டிக் காட்டி, நேரமும் சைகையும் சொல்லிக்கொடுத்தார். அவள் முதலில் சிரித்தாள்.

இப்போது இரவு பத்து மணிக்கு இருமுறை தட்டுகிறோம். அப்பாலிருந்தும் இருமுறை கேட்கிறது. இதைத் தொலைபேசியில் சொன்னபோது பெரியம்மை வேறொன்றும் கேட்கவில்லை. "கொஞ்சம் பலமாத் தட்டச் சொல்லு மக்களே, அந்தச் சுவர் கனம் கூடினது" என்றார்.